ஜூலையில் பிரான்ஸ் முழுவதும் காரில் 14 இரவுகள்: இந்தத் திட்டம் நடைமுறைக்கு ஒத்துவருமா?

நொய்யல்கரை:

வணக்கம். நானும் மனைவியும் 11 வயது மகனும் 68 வயதான என் தாயாரும் கோவையிலிருந்து வந்து, ஜூலை 12 முதல் 26 வரை பிரான்சில் இருக்கப்போகிறோம். பாரிஸ் விமான நிலையத்திலேயே வாடகைக் கார் எடுத்து, தீஜோன், லியோன், அன்னசி, நீஸ், அவிஞோன், கார்கசோன், போர்தோ, லுவார் பள்ளத்தாக்கின் அரண்மனைகள், மோன் சேன் மிஷேல் ஆகியவற்றைச் சுற்றிவிட்டு, பாரிசிலேயே காரை ஒப்படைப்பதாகத் திட்டமிட்டிருக்கிறேன். வரைபடத்தில் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 3000 கிலோமீட்டர் வருகிறது. கோவையிலிருந்து சென்னைக்குக் காலையில் கிளம்பி மாலையில் சேர்ந்து பழகியவன் என்பதால் தூரம் எனக்குப் பயமில்லை. ஆனாலும், நகரங்களை மட்டும் பார்த்துவிட்டுக் கிராமப்புறத்தைக் கண்ணாடி வழியாகவே கடந்துவிடுவோமோ என்ற ஐயம் இருக்கிறது. அம்மா சுத்த சைவம். மகனுக்குக் கோட்டைகளும் குகை ஓவியங்களும் பிடிக்கும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ரோன் நதியோரம்:

புதுச்சேரியில் பிறந்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக லியோனில் வசிப்பவன் நான். உங்கள் ஐயம் சரியானதே. இந்தத் திட்டத்தில் நீங்கள் பிரான்சை விட அதன் நெடுஞ்சாலைகளைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். அன்னசியிலிருந்து நீஸ் வரையிலான ஒரு நாள் மட்டுமே ஏறக்குறைய 500 கிலோமீட்டர். அதுவும் ஜூலை மாதத்தில், பாதி ஐரோப்பா கடற்கரையை நோக்கிப் போகும் அதே சாலையில்.

முதலில், பாரிசில் கார் எடுக்காதீர்கள். அங்கே அது உங்களுக்கு உதவுவதற்குப் பதிலாக நீங்கள் அதற்கு வாகன நிறுத்துமிடம் தேடி உழைக்க வேண்டியிருக்கும். மூன்று இரவுகள் மெட்ரோவிலேயே சுற்றுங்கள். ஜூலை 14 தேசிய நாளின் அணிவகுப்பும் இரவு வாணவேடிக்கையும் அதில் அடங்கிவிடும். 15ஆம் தேதி தெஷேவே அதிவேக ரயிலில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் அவிஞோன். நிலையத்திலேயே கார் எடுத்துக்கொள்ளலாம். அதன் பிறகு நாளுக்கொரு ஊர் என்று ஓடாமல், ஓரிடத்தில் தங்கிச் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போய்வாருங்கள்.

அவிஞோன் நகருக்குள் தங்க வேண்டாம் என்பது என் கருத்து. 1947இல் ழான் விலார் தொடங்கிய நாடக விழா ஜூலையின் பெரும்பகுதி அங்கே நடப்பதால் அறை வாடகை வானத்தில் இருக்கும். உஸெஸ் போன்ற சிற்றூரில் நான்கு இரவுகள் இருந்தால், போப்பாண்டவர் அரண்மனை, ஆர்ல் நகரின் உரோமானிய அரங்கம், போன் துய் கார் எல்லாமே எளிதில் எட்டும். அந்தப் போன் துய் கார், 49 மீட்டர் உயரத்தில் மூன்றடுக்கு வளைவுகளாக ஆற்றின் குறுக்கே நிற்கும் உரோமானிய நீர்க்கால்வாய். உஸெஸ் அருகிலுள்ள ஊற்றுநீரை நீம் நகருக்குக் கொண்டுசெல்ல, 50 கிலோமீட்டர் தூரத்துக்குக் கட்டப்பட்டதன் ஒரு பகுதி அது. கீழே ஆற்றில் பிள்ளைகள் நீந்துவார்கள். மகனுக்கு நீச்சலுடை எடுத்து வாருங்கள்.

பிறகு கார்கசோனில் ஓரிரவு, தோர்தோன் பள்ளத்தாக்கில் சர்லா அருகே மூன்று இரவுகள், லுவாரில் இரண்டு. தூர் நகரை ஒட்டியுள்ள ரயில் நிலையத்தில் காரை விட்டுவிட்டால் பாரிஸ் ஒரு மணி நேரப் பயணம்தான். ஊர் மாறும் பயணங்கள் மூன்றும் சேர்ந்து 900 கிலோமீட்டரைச் சுற்றியே வரும். நீசும் மோன் சேன் மிஷேலும் அடுத்த முறைக்கு இருக்கட்டும். சர்லா அருகிலுள்ள லாஸ்கோ குகையைப் பற்றி மகனிடம் இப்போதே சொல்லிவையுங்கள்: 1940இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தக் குகை, பார்வையாளர்களின் மூச்சுக்காற்றால் ஓவியங்கள் கெடத் தொடங்கியதால் 1963இல் மூடப்பட்டது. நீங்கள் பார்க்கப்போவது 2016இல் திறக்கப்பட்ட முழு அளவு நகல். நகல்தானே என்று அலட்சியமாக நுழைந்த நான், வெளியே வரும்போது அதை மறந்திருந்தேன்.

வலப்பக்கம்:

நண்பர் இடங்களைச் சொல்லிவிட்டார். சென்னையிலிருந்து சென்று ஓட்டி வந்தவன் என்ற முறையில் நான் ஓட்டுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். இந்திய உரிமத்தையும் உடன் வைத்திருக்க வேண்டும். காரை முன்பதிவு செய்யும்போது தானியங்கி கியர் என்று குறிப்பிடாவிட்டால் பெரும்பாலும் கையால் மாற்றும் கியர் வண்டிதான் கிடைக்கும். வலப்பக்கம் ஓட்டிக்கொண்டே வலக்கையால் கியர் மாற்றுவது முதல் நாள் எனக்கு நரகமாக இருந்தது. பிணைத்தொகைக்கு ஓட்டுநர் பெயரிலேயே கடன் அட்டை கேட்பார்கள்.

நெடுஞ்சாலையில் வேக வரம்பு 130. மழை பெய்தால் 110. இருவழிக் கிராமச் சாலைகளில் 2018 முதல் பொதுவாக 80. சில மாவட்டங்களில் மீண்டும் 90 ஆக்கியிருக்கிறார்கள், பலகையைப் பாருங்கள். மஞ்சள் நிறச் சாய்சதுரப் பலகை இருக்கும் சாலையில் முன்னுரிமை உங்களுக்கு. அது குறுக்குக்கோட்டுடன் வந்தால் அந்த உரிமை முடிந்தது. அதன்பின் வலப்புறச் சந்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். சிறு ஊர்களில் இதை நம்பியே முதியவர்கள் திரும்பிப் பாராமல் சந்திலிருந்து வெளியே வருகிறார்கள்.

சுங்கச்சாவடியில் பச்சை அம்புக்குறியோ அட்டைப் படமோ உள்ள வழியில் மட்டும் செல்லுங்கள். ஆரஞ்சு நிற 'டி' எழுத்து மட்டும் உள்ள வழி, கருவி பொருத்திய கார்களுக்கானது. நான் அதில் நுழைந்துவிட்டேன். தடுப்புக்கட்டை அசையவில்லை, பின்னால் ஐந்து கார்கள், என் மனைவி கைப்பையில் இல்லாத சீட்டைத் தேடுகிறாள். உதவிப் பொத்தானை அழுத்தியபோது ஒலிபெருக்கியில் கேட்ட பிரெஞ்சில் எனக்குப் புரிந்தது 'முசியே' (ஐயா) மட்டுமே. கடைசியில் கட்டை மேலே போயிற்று. பின்னால் நின்றவர்களில் ஒருவர்கூட ஒலியெழுப்பவில்லை என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

எரிபொருளில் ஒரு கண்ணி உண்டு: 'கஸோல்' என்று எழுதியிருந்தால் அது டீசல். பெட்ரோலுக்கு எஸ்பி95 அல்லது எஸ்பி98 என்றிருக்கும். ஞாயிறு மாலை ஆளில்லாத பம்பில் என் முன்பணப் பயண அட்டை செல்லவில்லை. அந்த எந்திரங்கள் எரிபொருள் ஊற்றுவதற்கு முன்பே ஒரு பெரிய தொகையை முடக்கிவைக்கும். கால் தொட்டிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

நொய்யல்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. திட்டத்தை மாற்றிவிட்டேன்: பாரிஸ் 3, உஸெஸ் 4, கார்கசோன் 1, சர்லா 3, லுவாரில் உள்ள ஆம்புவாஸ் 2, பாரிஸ் 1. நீசை விடுவதில் மனைவிக்குக் கொஞ்சம் வருத்தம். அதற்கு ஈடாக லாவெண்டர் வயல்களைக் காட்டுவதாக வாக்களித்திருக்கிறேன். 15ஆம் தேதிக்குப் பிறகு பூ இருக்குமா? அம்மாவின் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

லாச்சப்பல் வாசி:

அம்மாவின் சாப்பாட்டுக்கு நான் பதில் சொல்கிறேன். பாரிசை விட்டுக் கிளம்புவதற்கு முன் ஒரு மாலை, தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதிக்கு வாருங்கள். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். அரிசி, பருப்பு, ஊறுகாய், கறிவேப்பிலை அனைத்தும் எங்கள் கடைகளில் கிடைக்கும். உஸெசிலும் சர்லாவிலும் விடுதி அறைக்குப் பதிலாகச் சமையலறை உள்ள வீடு எடுத்தால் இரவுச் சோற்றுக்குக் கவலையில்லை. ஆனால் கோடையில் இத்தகைய வீடுகளைச் சனி முதல் சனி வரை மட்டுமே தருபவர்கள் பலர். நான்கு இரவுக்குத் தருவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

உணவகத்தில் மரக்கறி என்று சொன்னால் மட்டும் போதாது. சாலட்டின் மேல் பன்றி இறைச்சித் துண்டுகளைத் தூவித் தருவார்கள். சர்லாவின் புகழ்பெற்ற உருளைக்கிழங்கு வறுவல் பார்ப்பதற்குக் குற்றமற்றதாகத் தெரியும். அது வாத்துக் கொழுப்பில் பொரிக்கப்படுவது. என் மாமியார் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. கிராமங்களில் மதிய உணவு 12 முதல் 2 வரைதான். இரண்டே காலுக்குப் போனால் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே காலையிலேயே சந்தையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, பீச் பழம் வாங்கிக் காரில் வைத்திருங்கள். உஸெசில் சனிக்கிழமையும் சர்லாவில் புதன், சனிக்கிழமைகளிலும் சந்தை கூடும்.

ரோன் நதியோரம்:

லாவெண்டருக்கு வலன்சோல் சமவெளியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அங்கே ஜூலை நடுப்பகுதியில் அறுவடை தொடங்கிவிடும், உஸெசிலிருந்து தொலைவும் அதிகம். மோன் வாந்து மலையடியில் உள்ள சோ என்ற ஊர் உயரமான இடம் என்பதால் பூ தாமதமாக வந்து மாதக் கடைசி வரை நிற்கும். ஒரு நாள் முழுவதையும் அதற்கு ஒதுக்கி, வழியில் கோர்த் கிராமத்தையும் செனாங்க் மடத்தையும் பாருங்கள்.

இன்னும் இரண்டு. ஊர் மாறும் நாள் எதுவும் சனிக்கிழமையில் விழாதபடி தேதிகளை ஒருநாள் முன்பின் தள்ளிக்கொள்ளுங்கள். 'பிசோன் ஃப்யூத்தே' என்ற அரசின் போக்குவரத்து முன்னறிவிப்பு, கோடைச் சனிக்கிழமைகள் பலவற்றுக்குக் கடும் நெரிசலைக் குறிக்கும் சிவப்பையோ கறுப்பையோ பூசியிருக்கும். அதேபோல தூர் து பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் தடத்தையும் பார்த்துவிடுங்கள்: வீரர்கள் வருவதற்குச் சில மணி நேரம் முன்பே சாலையை மூடிவிடுவார்கள். தடம் உங்கள் வழியில் குறுக்கிட்டால், மாற்றுப்பாதை தேடாமல் ஓரமாக நிறுத்திவிட்டு மகனோடு நின்று பாருங்கள். வீரர்களுக்கு முன்னால் வரும் விளம்பர வண்டிகளிலிருந்து தொப்பியும் மிட்டாயும் வீசுவார்கள்.