வெளிநாட்டு விமான நிலையக் கவுன்ட்டரில் "பணத்தைக் காட்டு" என்று உங்களைக் கேட்டிருக்கிறார்களா?

தஞ்சை ஆசிரியை

2017 மே மாதம், அம்மாவும் நானும் பாங்காக் போனோம். அப்போது நமக்கு இறங்கிய பிறகு வாங்கும் விசாதான். கட்டணம் 1,000 பாத், அதுபோக ஆளுக்கு 10,000 பாத் கையில் இருக்க வேண்டும். விதி எனக்குத் தெரியும். ஆனால் வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டில் இருப்பதும் பணம்தானே என்று நினைத்துவிட்டேன். அதிகாரி கார்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "கேஷ், கேஷ்" என்றார். என்னிடம் இருந்தது 14,000 பாத்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த ஒரு சொல் மட்டும் புரிந்துவிட்டது. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்து, நான்காக மடித்த 2,000 ரூபாய் நோட்டுகள் எட்டை, விரலை ஈரப்படுத்தி ஒவ்வொன்றாக எண்ணி மேசையில் வைத்தார். அப்படி ஒரு பணம் இருப்பதே எனக்குத் தெரியாது. பிறகு அந்த அதிகாரியிடம் தமிழில் சொன்னார்: "இது என் வீட்டுக்காரர் பென்ஷன், ஐயா. கடன் வாங்கியது இல்லை."

அதிகாரி பணம் மாற்றும் இடத்தைக் கை காட்டினார். மோசமான விலைக்கு மாற்றினோம், விசா கிடைத்தது. ஊரெல்லாம் சுற்றினோம். எதுவும் எனக்கு நினைவில் இல்லை. வாழ்நாளில் யாரிடமும் கைநீட்டாத ஒருவர், அதை ஒரு கவுன்ட்டரில் நின்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

காரைக்குடிக்காரன்

அம்மாவை நினைத்தால் மனம் கனக்கிறது, சகோதரி. என் அனுபவம் நேர் எதிரானது.

இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பரில் விசா விலக்குத் தந்ததும், கோலாலம்பூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். கையில் 300 ரிங்கிட். குடிநுழைவு அதிகாரி தமிழர். "எவ்வளவு வைத்திருக்கிறீர்கள், அண்ணே?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். சொன்னதும் ஒரு அறையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

பக்கத்தில் ராமநாதபுரத்துப் பையன் ஒருவன், இருபது வயது இருக்கும். மடிப்புக் கலையாத டாலர் நோட்டுகளாக ஆயிரம் வைத்திருந்தான். எல்லாம் கவுன்ட்டரில் காட்டுவதற்கென்றே ஏஜென்ட் கொடுத்த பணம். உள்ளே போனதும் ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எங்கே தங்கப் போகிறாய் என்று கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை. என் அக்காவிடம் தொலைபேசியில் பேசிவிட்டு என்னை விட்டுவிட்டார்கள். ஆயிரம் டாலர் வைத்திருந்தவனை அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பினார்கள். நான் எழுந்தபோது அவன் தன் வீட்டுத் தொலைபேசி எண்ணை என் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தான்.

பாரிஸ் போய்வந்தவள்

முதலில் எழுதியவர் மன்னிக்க வேண்டும். விதி தெரிந்திருந்தும் வயதானவரை அப்படி நிறுத்தியது உங்கள் தவறுதான். விசாவே வேண்டாம் என்றான நாட்டிலும் பணம் எங்கே என்று கேட்கும் அதிகாரம் கவுன்ட்டரில் இருப்பவருக்கு உண்டு.

என்னைப் பாரிஸில் கேட்டார்கள். வங்கிக் கணக்கு அறிக்கை பெரிய பெட்டிக்குள் போய்விட்டது. விடுதி முன்பதிவுத் தாள் கையில் இருந்ததால் தப்பித்தேன். அவ்வளவுதான் என் கதை.

போகிறவர்கள் கவனியுங்கள். விடுதி முன்பதிவு இருந்தால் பிரான்ஸ் எதிர்பார்ப்பது நாளுக்கு 65 யூரோ, இல்லாவிட்டால் 120. உறவினர் வீட்டில் தங்கினால் 32.50 போதும், ஆனால் அவர்கள் தங்கள் ஊர் நகராட்சி அலுவலகத்தில் சான்று பெற்று வாங்கிய அழைப்புத் தாளின் அசல் உங்கள் கையில் இருக்க வேண்டும். நகல் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வங்கி அறிக்கையில் கிளம்புவதற்கு முந்தைய வாரம் திடீரென்று இரண்டு லட்சம் ஏறியிருந்தால் சந்தேகம்தான் வரும். மாதாமாதம் சம்பளம் வந்து விழும் கணக்கைக் காட்டுங்கள். கொஞ்சம் ரொக்கம், ஒரு கார்டு, திரும்பும் டிக்கெட் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். 10,000 யூரோவோ அதற்கு மேலோ ரொக்கமாக இருந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். இந்திய ரூபாயை நம்பிப் போகவே கூடாது. நாட்டை விட்டு 25,000க்கு மேல் எடுத்துப் போகவும் அனுமதி இல்லை.

தஞ்சை ஆசிரியை

தவறு என்னுடையதுதான், மறுக்கவில்லை. அதை நீங்கள் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நான் இல்லை. விதியைப் பற்றி நான் கேட்கவும் இல்லை.

காரைக்குடி அண்ணன், அந்த எண்ணுக்குப் பேசினீர்களா?

காரைக்குடிக்காரன்

அன்று இரவே பேசினேன், சகோதரி. அவனுடைய அம்மா எடுத்தார். பையன் திரும்பி வருகிறான், உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அந்தப் பணம் அவனிடம் பத்திரமாக இருக்கிறதா, தம்பி? நாங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டும்" என்றார்.