வாஷிங்டன் அமைச்சரவைக்குள்ளேயே கட்சிப்பகை மூண்டது ஏன்?

கடலூர் முதுநகர் வாசகர்:
வணக்கம். போட்டித்தேர்வுக்குப் படிக்கும் என் மகள் கேட்ட கேள்வி இது. அமெரிக்க அரசமைப்பில் கட்சி என்ற பேச்சே கிடையாது. வாஷிங்டனும் இரண்டு முறையும், தலைவரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் நியமித்த தேர்வாளர் அனைவரின் வாக்கையும் பெற்றே குடியரசுத் தலைவரானார். அப்படியிருக்க, அவருடைய அமைச்சர்களான ஹாமில்டனும் ஜெஃபர்சனும் சில ஆண்டுகளிலேயே எதிரெதிர் அணிகளுக்குத் தலைமை தாங்கியது எதனால்? சொந்தப் பகைதான் காரணமா?

வில்லியனூர்க்காரர்:
இல்லை ஐயா, வேர் கடன் பத்திரத்தில் இருக்கிறது. விடுதலைப் போரில் சம்பளத்துக்குப் பதிலாகப் பத்திரம் பெற்ற வீரர்கள் பலர், வயிற்றுப்பாட்டுக்காக அவற்றை அடிமாட்டு விலைக்கு விற்றிருந்தார்கள். பத்திரம் இன்று யார் கையில் இருக்கிறதோ அவருக்கே முழுத்தொகையும் சேர வேண்டும் என்றார் நிதியமைச்சர் ஹாமில்டன். முதலில் பெற்ற வீரருக்கும் பங்கு கொடுக்க வேண்டும் என்று வாதாடிய பிரதிநிதிகள் அவை உறுப்பினர் மேடிசன், 1790 பிப்ரவரியில் அந்த அவையில் 13க்கு 36 என்ற வாக்குக் கணக்கில் தோற்றார். சிறிது காலம் முன்புதான் இவ்விருவரும் புதிய அரசமைப்பை ஆதரித்து ஒரே கட்டுரைத் தொடரை எழுதியவர்கள். என்னைக் கேட்டால் நியாயம் மேடிசன் பக்கமே. ஆனால் பத்திரத்தை வாங்கியவருக்கு மதிப்பில்லை என்றால் அரசுக்கு அடுத்த முறை கடன் கொடுக்க யார் முன்வருவார்கள் என்ற ஹாமில்டனின் கவலையும் பொய்யல்ல. மறு ஆண்டு ஹாமில்டனின் தேசிய வங்கித் திட்டம் வந்தபோது, அரசமைப்பு அதற்கு அதிகாரம் தரவில்லை என்று வெளியுறவு அமைச்சர் ஜெஃபர்சன் எழுத்துமூலம் மறுத்தும் வாஷிங்டன் கையொப்பமிட்டார்.

முத்தியால்பேட்டை ஆசிரியை:
பிரெஞ்சுப் புரட்சியையும் சேர்த்தால்தான் விடை முழுமையாகும். 1793இல் பிரான்சும் பிரிட்டனும் மோதிய அதே போரில்தான் ஆங்கிலேயர் அந்த ஆகஸ்டில் நம் புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். வாஷிங்டன் நடுநிலை அறிவித்தபோதும், ஜெஃபர்சன் அணியினர் பிரான்சின் மீதும் ஹாமில்டன் அணியினர் பிரிட்டிஷ் வணிகத்தின் மீதும் பற்று வைத்திருந்தனர். வாஷிங்டனின் தூதர் ஜான் ஜே பிரிட்டனுடன் செய்துவந்த உடன்படிக்கை 1795இல் செனட்டில் 20க்கு 10 என்று, தேவையான மூன்றில் இரண்டு பங்கைச் சரியாக எட்டி, நூலிழையில் தேறியது. ஊர் ஊராக ஜேயின் கொடும்பாவியை எரித்தார்கள். அமைச்சரவைச் சண்டை தெருவுக்கு வந்தது அப்போதுதான்.

கடலூர் முதுநகர் வாசகர்:
மிக்க நன்றி. 1796 தேர்தலில் ஹாமில்டன் அணியைச் சேர்ந்த ஆடம்ஸ் தலைவராகவும் எதிரணி ஜெஃபர்சன் துணைத் தலைவராகவும் அமர்ந்தது எப்படி என்பதையும் சொல்ல முடியுமா?

வில்லியனூர்க்காரர்:
தேர்வாளர் ஒவ்வொருவரும் பதவி குறிக்காமல் இருவருக்கு வாக்களிப்பார், இரண்டாவதாக வருபவரே துணைத் தலைவர் என்பது அன்றைய விதி. ஆடம்ஸ் பெற்றது 71 வாக்கு, ஜெஃபர்சன் 68. அடுத்த தேர்தலில் ஜெஃபர்சனும் அவருடைய அணியைச் சேர்ந்த பர்ரும் ஆளுக்கு 73 பெற்றுச் சமமாக நின்றதால், பிரதிநிதிகள் அவை 36ஆம் சுற்று வாக்கெடுப்பில்தான் ஜெஃபர்சனைத் தேர்ந்தெடுத்தது. இரு பதவிகளுக்கும் தனித்தனி வாக்கு என்று 1804இல் 12ஆம் திருத்தம் வந்தது இதன் விளைவாகத்தான்.