எரிஞ்ச முகம்: மட்டக்களப்பு வெயிலுக்கு ஜெலட்டினா, லேட்டெக்ஸா?

வாவிக்கரை:
'டார்க்மேன்' ஆங்கிலப் பட வரிசை மாதிரி ஒரு குறும்படம். ஆய்வுகூடத்தோட முகமும் எரிஞ்ச விஞ்ஞானி, செயற்கைத் தோல் செய்து போட்டுக்கொண்டு பழிவாங்கப் போறான். கல்லடிப் பாலத்தடியிலயும் பாசிக்குடாவிலயும் பகல் ஷூட்டிங், கச்சான் காத்து அடிக்கிற மாசம். இடப்பக்க முகம் பின்னேரம் வரைக்கும் நிக்கோணும். கேக் சாமான் கடை ஜெலட்டின் தாங்குமா? அந்தத் தோல் உருகி வழியிற காட்சிய எப்படி எடுக்கிற?

கூத்துப்பெட்டி:
முகத்துக்கு ஜெலட்டின் வேணாம் தம்பி. உடம்புச் சூட்டுக்குக் கிட்டவே இளகிற சாமான். ஏசி அறையில நிக்கும், வெயிலில வேர்வை அடியில இறங்கினா ஓரம் முதல்ல கழரும், பிறகு கன்னத்தோட வழுகும்.

லேட்டெக்ஸ், அதாவது றப்பர் பால் எடுங்க, முகத்துக்கெண்டே விக்கிற வகை மட்டும். தொழிற்சாலை றப்பர் பாலில அமோனியா கூட, கண்ணும் தோலும் எரியும். நடிகரிட முழங்கை உள்பக்கத்தில பொட்டளவு பூசி 24 மணித்தியாலம் பாருங்க. பலூனும் கையுறையும் பட்டாலே கடிக்கிற ஆளெண்டா லேட்டெக்ஸைத் தொடவே வேணாம்.

புருவத்துக்கும் தாடிக்கும் வாஸ்லின் தடிப்பாப் போடுங்க, மற்ற இடத்தில எண்ணெய்ப்பசை கூடாது. எண்ணெயில குழைச்ச முத்துவெள்ளைய (கூத்து மேக்கப்புக்குப் பூசுற வெள்ளைப் பொடி) அடிக்குப் பூசினா லேட்டெக்ஸ் பிடிக்காது. ஸ்பொஞ்சால மெல்லிசா ஒரு பூச்சு, ஹெயார் ட்ரையரைக் குளிர் காத்தில வைச்சுக் காயவிடுங்க. பால் நிறம் போனாத்தான் காஞ்சது. ரிஷூவ ஒரு படையாப் பிரிச்சுக் கையால கிழிச்சு ஒட்டுங்க. கத்தரிச்ச ஓரம் கமராவில கோடாத் தெரியும். மேல திரும்ப லேட்டெக்ஸ். இப்படி மூணு நாலு படை காணும். பவுடர் தட்டாட்டி தன்னோட தானே ஒட்டிக்கொள்ளும். பிறகு நுள்ளிக் கிழிச்சுப் பள்ளம் எடுங்க.

நிறத்திலதான் கனபேர் கெடுக்கிறது. முழுக்கக் கறுப்படிச்சா கரி பூசின முகம்தான், எரிஞ்ச முகமில்ல. கரி ஓரத்தில, பள்ளத்துக்குள்ள சிவப்பு, அதில கிளிசரின் தொட்ட ஈரப் பளபளப்பு.

அக்கரைப்பற்று_காக்கா:
முகத்தை எத்தனை ஷொட்டில காட்டப் போறீங்க எண்டதை முதல்ல முடிவெடுங்க. 1990இல சாம் ரைமி எடுத்த முதல் படத்தில லியாம் நீசன் கனக்க இடத்தில பண்டேஜும் தொப்பியும் நீளக் கோட்டும்தான். (1995, 1996இல நேரா வீடியோவுக்கு வந்த ரெண்டிலயும் ஆர்னல்ட் வோஸ்லூ. அதுகளைப் பார்க்காட்டியும் குறையில்ல.) துணிப் பண்டேஜைக் கடும் வெறுந்தேத்தண்ணியில ஊறப்போட்டுக் காயவைச்சா பழசாத் தெரியும். கண்ணைச் சுத்தி மட்டும் மேக்கப் செய்தாப் போதும். வாய் மூடின ஷொட்டுக்கு டப்பிங் வைங்க, வசனம் விளங்காது.

உருகிற காட்சிக்கு, முகத்தில வேணாமெண்ட ஜெலட்டினேதான் சரி. ஜெலட்டின் தூள், கிளிசரின், தண்ணி மூண்டும் சமன். தூளைத் தண்ணியில 10 நிமிடம் ஊறவிட்டு, கிளிசரினும் தோல் நிற ஃபவுண்டேஷனும் சேர்த்து, சுடுதண்ணிச் சட்டிக்குள்ள கிண்ணத்தை வைச்சு இளக்குங்க. கொதிச்சா குமிழ் வந்து தோல் மாதிரி இராது. வாஸ்லின் தடவின பொம்மைத் தலையில 3 மில்லிமீற்றர் தடிப்பாப் பூசி, ஃபிரிட்ஜில இறுகவிட்டு, கமராவுக்கு வெளியால நிண்டு ஹெயார் ட்ரையரைச் சூட்டில பிடிங்க. பக்கட்டில ஹலால் முத்திரை இருக்கா பாருங்க, செட்டில எல்லாரும் தொடுற சாமான்.

படத்தில அந்தத் தோல் வெளிச்சத்தில 99 நிமிடம்தான், இருட்டில கலையாது. அதால வெயில் முகத்தில ஏறுறதைக் காட்டி உருகலுக்கு வெட்டினா, வசனம் இல்லாமலே விளங்கும்.

வாவிக்கரை:
நல்லம் காக்கா. தலையை நடிகரிட முகத்திலயே வார்த்தா இன்னும் பொருந்துமே?

கூத்துப்பெட்டி:
பரிஸ் சாந்தை நேரா முகத்தில ஊத்திராதீங்க. இறுகேக்க சூடேறும், மயிரையும் பிடிச்சுக்கொள்ளும். புடவைக்கடைப் பொம்மைத் தலையே போதும், கிட்ட வைச்சு கன்னத்தையும் தாடையையும் மட்டும் எடுங்க. லேட்டெக்ஸ் கழட்டக்க ஓரத்தில தேங்காயெண்ணெய் விட்டு ஊறின பிறகு விரலால உருட்டுங்க. சடாரெண்டு இழுத்தா புருவமும் சேர்ந்து வரும், அடுத்த நாள் ஷூட்டிங்குக்கு அந்த ஆள் உதவாது.