சோறு உருளையா வெளிய வருது: நாயோட உணவுக்குழாயில என்ன கோளாறு?

கேள்வி (கம்பம்): கோம்பை நாய், நாலு வயசு. தின்ன சோறு கொஞ்ச நேரத்துல செரிக்காம, சளி பூசின உருளையா விழுது. வயித்தை எக்கல. வாந்தியை நிறுத்துற மருந்து மெட்டோகுளோபிரமைடு குடுத்தும் கேக்கல. ஏண்ணே?

பதில் (குமுளி): வயிறு எக்காம வந்தா அது வாந்தி இல்ல தம்பி, எதுக்களிப்பு: தின்னது வயித்துக்குப் போகாம உணவுக்குழாய்லருந்தே திரும்பி வர்றது. நாயோட உணவுக்குழாய் நெடுக வரித்தசை (கைகால்ல இருக்குற மாதிரி தசை). பூனைக்குத்தான் கடைசிப் பகுதி மென்தசை (குடல்ல இருக்குற மாதிரி தசை). அந்த மருந்து வரித்தசையை அசைக்காது. இரைப்பை வாயை இறுக்கிக் காரியத்தையும் கெடுக்கும்.

பதில் (செங்கோட்டை): உணவுக்குழாயை அசைக்கிற நரம்பு வேகஸ் வழி வருது; வேகஸ்ங்கிறது மூளையிலருந்து நெஞ்சு, வயிறு வரைக்கும் இறங்குற நரம்பு. கழுத்துல தொண்டைக் கிளையும் மீள்குரல்வளை நரம்போட கிளைகளும். நெஞ்சுல மேல், கீழ் வேகஸ் தண்டுகள். கறிக்கடை எலும்பு போடுறீங்களா? எலும்பு சிக்குற இடம் மூணு: நெஞ்சு நுழைவாய், இதயத்தின் அடிப்பகுதி, உதரவிதானத்துக்குச் சற்று முன்னாடி. முதல்ல நெஞ்சு எக்ஸ்ரே. எக்ஸ்ரேல குழாய் தெரியறதுக்குக் குடுக்குற பேரியத்தை அவசரப்பட்டு ஊத்த வேண்டாம், நுரையீரலுக்குள்ள இறங்கிரும்.

பதில் (குமுளி): குழாய் விரிஞ்சிருந்தா மயஸ்தீனியாவான்னு (நரம்போட சேதி தசைக்கு எட்டாம தசை சோர்ந்துபோற நோய்) பாக்க அசிட்டைல்கோலின் ஏற்பி எதிர்ப்பொருள் ரத்தப் பரிசோதனை கேளுங்க. அதுவரை முன்கால் ரெண்டையும் திண்ணை மேல ஏத்தி வச்சு, சின்னச் சின்ன உருண்டையா ஊட்டுங்க. தின்னபிறகும் 15–20 நிமிஷம் நிமிர்ந்தே நிக்கட்டும். இருமலோ காய்ச்சலோ வந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட கொண்டு போயிருங்க.