காரை ஷேலா, காரை ஃபார்மேஷனா?

கேள்வி: பெரம்பலூர் மாவட்டத்தில் காரை ஊர்ப் பக்கம் நீர் அரித்துப் போட்ட களிமண் மேடுகள் இருக்கின்றனவே, அதைச் சில அறிக்கைகள் காரை ஷேல் என்கின்றன, சில காரை ஃபார்மேஷன் என்கின்றன. ப்ராஜெக்டில் எதை எழுதுவது? உத்தத்தூர் என்ற பெயரும் நடுவில் வருகிறது.

பதில் 1: உத்தத்தூர் என்பது குரூப், அதாவது பல ஃபார்மேஷன்கள் சேர்ந்த தொகுதி. புவியியலாளர் பிளான்ஃபோர்ட் 1862-ல் இந்தப் பகுதியின் பாறைகளை உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்றாகப் பிரித்தார். காரை அந்த உத்தத்தூர் குரூப்புக்குள் வரும் ஒரு ஃபார்மேஷன். ஷேல் என்பது பாறை வகை, ஃபார்மேஷன் என்பது வரைபடத்தில் எல்லை போட்டுக் காட்டக்கூடிய அடுக்கு. அதற்குள் ஒரே பாறைதான் இருக்க வேண்டும் என்றில்லை.

பதில் 2: மேலே சொன்னது சரி, ஆனால் கையில் எடுத்துப் பாருங்கள். மெல்லிய தகடுகளாகப் பிளந்தால்தான் ஷேல், அங்கே நிறைய இடத்தில் அது பிளக்காது, வெறும் களிமண்ணாக உதிரும், குறுக்கே ஜிப்சம் நரம்புகள் வேறு ஓடும், மணல் கலந்த பட்டைகளும் உண்டு. அதனால் நான் ஃபார்மேஷன் என்றே எழுதுவேன். காரை ஷேல் பழைய வழக்கு, முதல்முறை வரும்போது குறிப்பிட்டால் போதும்.

கேள்வி கேட்டவர்: நன்றி. அப்புறம், அங்கே கிடைக்கும் பெலம்னைட், அம்மோனைட் என்ற கடல் உயிரிப் புதைபடிவங்களை வைத்து ஃபார்மேஷனுக்கு எல்லை போடலாமா?

பதில் 2: கூடாதுங்க. புதைபடிவம் வயதைச் சொல்லும், ஆல்பியன், செனோமேனியன் என்று கிரெட்டேசியஸ் காலத்தின் உட்பிரிவுகளாக. ஃபார்மேஷன் எல்லையைப் பாறை மாறும் இடத்தில்தான் போட வேண்டும்.