எல்லாம் ஆன்லைனில் வந்தும் கவுன்ட்டரில் கூட்டம் குறையவில்லையே, ஏன்?

கோப்புக்கட்டு:
அரசு அலுவலகம் ஒன்றில் விண்ணப்பப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சான்றிதழ், முகவரி மாற்றம் எல்லாவற்றையும் ஆன்லைனுக்குக் கொண்டுபோயாச்சு, ஆனாலும் கூட்டம் அப்படியேதான் இருக்கிறது, பலர் கையில் வெளியே காசு கொடுத்துப் பூர்த்தி செய்த பிரின்ட்அவுட் வேறு. மேலிடத்தில் மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை, போஸ்டர் அடியுங்கள் என்கிறார்கள். எனக்கென்னவோ நோய் ஒன்று, மருந்து வேறு என்று படுகிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

அரைப்புள்ளி:
போஸ்டரை விடுங்க. காகிதப் படிவத்தை அப்படியே திரையில் ஏற்றியிருப்பீர்கள். உங்கள் துறை கொடுத்த சான்றிதழையே ஸ்கேன் செய்து உங்களுக்கே அப்லோடு செய்யச் சொல்கிறீர்களா இல்லையா? எஸ்தோனியாவில் 2001இல் எக்ஸ்-ரோடு என்று ஒன்றைக் கொண்டுவந்து துறைகளின் தரவுத்தளங்களை இணைத்தார்கள், ஒரு துறையிடம் இருக்கும் தகவலை இன்னொரு துறை அங்கேயே எடுத்துக்கொள்ளும். (தன் தகவலை யார் பார்த்தார்கள் என்று அந்த ஆளும் பார்க்கலாம், அது இல்லாமல் செய்தால் வம்பு.) அவ்வளவு பெரிதாக உடனே முடியாது, சரி. படிவத்தில் ஒவ்வொரு கட்டமும் எதற்கு என்று கேளுங்கள், பதில் இல்லாததைத் தூக்கிவிடுங்கள்.

காதால்படிப்பவன்:
எனக்குக் கண் தெரியாது, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள்தான் எல்லாம். ஒரு அரசுத் தளத்தில் "எடிட், எடிட், எடிட்" என்றுதான் காதில் விழுந்தது, எந்தக் கட்டம் எதற்கென்று பெயரே வைக்கவில்லை. தட்டுத்தடுமாறிக் கடைசிப் பக்கம் போனால் படத்தில் உள்ள எழுத்தை அடி என்கிறது, அதற்குள் நேரம் முடிந்து வெளியே தள்ளிவிட்டது. நேரம் முடியுமுன் எச்சரித்து நீட்டிக்க விட வேண்டும் என்று டபிள்யூ.சி.ஏ.ஜி. விதிகளில் (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையதளம் அமைக்கச் சொல்லும் சர்வதேச வழிகாட்டி) 2008இலேயே இருக்கிறது. மவுஸைத் தொடாமல் கீபோர்டிலேயே உங்கள் படிவத்தை முடித்துப் பாருங்கள், புரியும்.

வரிசையில்நிற்பவள்:
கவுன்ட்டரை மட்டும் மூடிவிடாதீர்கள். டென்மார்க்கில் 2014 முதல் அரசுக் கடிதம் டிஜிட்டலில்தான், அங்கேயும் முடியாதவர்கள் விலக்குக் கேட்டுக் காகிதத்தில் வாங்கலாம். அப்புறம் நிராகரிப்புக் கடிதம். "ஆவணங்கள் முறையாக இல்லை" என்று ஒற்றை வரி வந்தால் ஜனம் நேரில் வராமல் என்ன செய்யும்? எந்த ஆவணம், என்ன குறை, எதைத் திருத்தினால் போதும் என்று எழுதுங்கள்.

கோப்புக்கட்டு:
அந்த நிராகரிப்பு வாசகங்கள் டிராப்டவுனில், அதாவது நாங்கள் தேர்ந்தெடுக்கும் ரெடிமேட் பட்டியலில் இருப்பவை. "இதர காரணங்கள்" என்பதும் அதில் உண்டு, வேலை குவிந்த நாளில் எல்லோரும் அதைத்தான் தட்டுவார்கள். எடுக்கச் சொல்லி எழுதப் போகிறேன்.

அரைப்புள்ளி:
எடுத்தால் அதற்கு மேலே இருப்பதைத் தட்டுவார்கள். காரணத்தை டைப் செய்யாமல் நிராகரிக்கவே முடியாதபடி வைக்கச் சொல்லுங்கள்.