55,000 ரூபாய் கேமிங் பிசி: கொட்டேஷனில் எழுதாமல் விடும் எழுத்துகள்

குறைந்த பட்ஜெட்டில் கேமிங் பிசி வாங்கப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான். கொட்டேஷனில் ஒவ்வொரு பார்ட்டுக்கும் முழு மாடல் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பதற்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

2024-ல் அக்கா மகனுக்காகச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம். மானிட்டர் நீங்கலாக 55,000 ரூபாய். தினமும் வாலரன்ட், அவ்வப்போது ஜிடிஏ 5, எப்படியாவது சைபர்பங்க் 2077 ஓட வேண்டும். இவ்வளவுதான் அவன் கேட்டது. முதல் கடையில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்: ரைசன் 5 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, 3050 கிராஃபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி), கலர் விளக்கு எரியும் ஆர்ஜிபி கேபினெட். மொத்தம் பட்ஜெட்டுக்குள் அடங்கிவிட்டது. "மாமா, இங்கேயே முடிச்சிடலாம்" என்றான் பையன். கண் முழுக்க அந்த கேபினெட் மேல்தான்.

சரி, ரைசன் 5 என்றால் எது? 5500-ஆ, 5600-ஆ, 5600ஜி-யா? மூன்றிலும் ஆறு கோர்தான். ஆனால் 5600-ல் எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 32 எம்பி, மற்ற இரண்டிலும் அதில் பாதி. கேம் ஓடும்போது அந்த வித்தியாசம் தெரியும். கார்டோடு வேகமாகப் பேசும் பிசிஐஇ 4.0 வசதியும் மூன்றில் 5600-க்கு மட்டுமே உண்டு. கேட்டபோது, "5500 சார், ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் கடைக்காரர்.

3050-லும் இதே கதைதான். 2022-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-ல் 8 ஜிபி மெமரி. 2024 பிப்ரவரியில் அதே பெயரிலேயே 6 ஜிபி கார்டு ஒன்று வந்தது. மெமரியோடு, படத்தைக் கணக்கிடும் கூடா கோர்களும் 2560-லிருந்து 2304-ஆகக் குறைந்தன, மெமரிக்கு டேட்டா போய்வரும் பாதையான மெமரி பஸ் 128 பிட்டிலிருந்து 96 பிட்டானது. 70 வாட்டில் ஓடும், தனி பவர் கேபிள் வேண்டாம் என்பதால் பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்பில் செருகுவதற்கு அது நல்ல கார்டுதான். புதிதாகக் கட்டும் பிசிக்கு, கிட்டத்தட்ட அதே காசில் ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 6600 கார்டு கிடைக்கும்போது எனக்கு அதை வாங்க மனசு வரவில்லை. வெளிச்சத்தையும் நிழலையும் நிஜம்போலக் காட்டும் ரே ட்ரேசிங்கில் 6600 சுமார்தான். ஆனால் இந்த பட்ஜெட்டில் ரே ட்ரேசிங்கை யாரும் ஆன் செய்து விளையாடப் போவதில்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது அந்த எஸ்எம்பிஎஸ்-ஐப் பார்த்துத்தான். எடுத்துக் காட்டச் சொன்னேன். கையில் வாங்கியதுமே கனம் இல்லை. பக்கவாட்டில் ஒட்டியிருந்த லேபிளில் +12வி என்ற கட்டத்துக்குக் கீழே 16ஏ என்று போட்டிருந்தது. 12-ஐயும் 16-ஐயும் பெருக்கினால் 192 வாட். ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் இழுப்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டைத்தான். ஆர்எக்ஸ் 6600 மட்டும் 132 வாட், ரைசன் 5600-க்கு 65 வாட் என்று கணக்கு, அதுவும் லோடில் இன்னும் ஏறும். அப்போதே 192 காலி. டப்பாவில் போட்ட 450-ல் மீதியெல்லாம் காகிதத்தில் இருக்கும் வாட். கார்டுக்கான 8 பின் கேபிளும் அதில் இல்லை. "மோலெக்ஸ் கன்வர்ட்டர் போட்டுக்கலாம் சார், நிறைய பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கோம்" என்றார். மோலெக்ஸ் என்பது பழைய ரக பவர் கனெக்டர், அதை நம்பி இந்த கார்டை ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை. நாங்கள் கிளம்பிவிட்டோம்.

நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்-ல் 12 வோல்ட் வரிசையிலேயே 40 ஆம்பியருக்கு மேல் இருக்கும். 80 பிளஸ் ஸ்டிக்கரைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் போகிறது என்பதைத்தான் அது சொல்லும். ஷார்ட் ஆனால் தன்னை அணைத்துக்கொள்ளுமா என்பதற்கு அது உத்தரவாதம் கிடையாது. நான் லேபிளில் ஆம்பியரைப் பார்ப்பேன், வாரண்டி ஐந்து வருடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். கோடையில் கரண்ட் போய்ப் போய் வருகிற வீடுகளில் இதில் மிச்சம் பிடிப்பது மற்ற எல்லா பார்ட்டையும் பணயம் வைப்பதுதான்.

அதே தெருவில் வேறொரு கடையில் கேட்டதையெல்லாம் முழுப் பெயரோடு எழுதிக் கொடுத்தார்கள். ரைசன் 5 5600, பி550 சிப்செட் மதர்போர்டு, எட்டு ஜிபி ரேம் இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ஆர்எக்ஸ் 6600, 80 பிளஸ் பிராண்ஸ் முத்திரை உள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ். கேபினெட்டில்தான் இழுபறி. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஆர்ஜிபி ஃபேன். பார்க்க அழகுதான், ஆனால் காற்று உள்ளே போக வழி எங்கே? சென்னை மே மாத வெயிலில், ஏசி இல்லாத அறையில் வைக்கப் போகிற பெட்டி அது. முன்னால் சல்லடை வைத்த சாதாரண கேபினெட்டை எடுத்தோம். பையன் கொஞ்ச நேரம் உம்மென்று வந்தான். சைபர்பங்க் ஓடியதும் சரியாகிவிட்டான்.

வீட்டில் மாட்டியதும் இரண்டு விஷயம் பார்த்தோம். 3200 ரேம் டாஸ்க் மேனேஜரில் 2133 என்று காட்டியது. பயாஸுக்குள் (மதர்போர்டின் சொந்த செட்டிங்) போய் எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக செட்டிங்கை ஆன் செய்தால்தான் முழு வேகத்துக்கு வரும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் விண்டோஸில் 60-லேயே கிடந்தது. டிஸ்ப்ளே செட்டிங்கில் மாற்ற வேண்டும். இந்த இரண்டையும் செய்யாமல் மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நிறைய பேர்.

கார்டே வாங்காமல் நன்றாக ஓடுகிற பிசியும் ஒன்று கட்டினோம். மாடி வீட்டுப் பெண்ணுக்கு வாலரன்ட் மட்டும் போதும், கையில் பணம் குறைவு. 5600ஜி எடுத்தோம், அதற்குள்ளேயே கிராஃபிக்ஸ் உண்டு. அந்த கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். அதனால் 16 ஜிபியை ஒரே குச்சியாகப் போட்டால் டேட்டா போகும் பாதை பாதியாகிவிடும், எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற கணக்கு) கண்ணெதிரே விழும். கடையில் ஒற்றைக் குச்சியை நீட்டினார்கள், நாங்கள் எட்டும் எட்டுமாக வாங்கி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போட்டோம். பிறகு கார்டு வாங்கினால் அப்படியே செருகிக்கொள்ளலாம்.

செகண்ட் ஹேண்ட் கார்டு பற்றியும் ஒரு வார்த்தை. 2022 செப்டம்பரில் எதிரியம் என்ற கிரிப்டோ காசுக்கான மைனிங் நின்றபோது, இரவு பகலாக ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. ஆபீஸ் நண்பர் ஒருவர் அப்போது தம்பிக்கு ஆர்எக்ஸ் 580 வாங்கினார். கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தோம், ஷேடர் (கார்டுக்குள் படத்தைக் கணக்கிடும் சின்னக் கோர்) 2048 என்று காட்டியது. அசல் 580-க்கு 2304 இருக்க வேண்டும். சீனச் சந்தைக்காக வந்த, ஷேடர் குறைந்த ரகம் அது. விற்றவர் அதைச் சொல்லவே இல்லை. பழைய கார்டு வாங்குவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். விற்பவர் வீட்டிலேயே ஜிபியு-இசட் திறந்து காட்டச் சொல்லுங்கள், கால் மணி நேரம் ஒரு கேம் ஓடட்டும், ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். அப்புறம் பணம் கொடுங்கள்.

2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறிய பிறகு இந்த 55,000 கணக்கு அப்படியே பொருந்தாது. இன்று யாராவது கேட்டால், டிடிஆர்4 ரேமை மட்டும் செகண்ட் ஹேண்டில் தேடச் சொல்வேன். ரேம் சீக்கிரம் கெட்டுப் போகிற பொருள் இல்லை, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் சாஃப்ட்வேர் ஒரு இரவு ஓடினாலே குட்டு வெளிப்பட்டுவிடும். எஸ்எம்பிஎஸ்-ஐ மட்டும் பழசில் வாங்க வேண்டாம்.

பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று சொல்வார்கள். கார்டுக்கும் போர்டுக்கும் மூன்று வருட வாரண்டி இருக்கும்போது பில் இல்லாமல் எந்த முகத்தோடு சர்வீஸ் சென்டரில் போய் நிற்பது? "கம்ப்யூட்டர் செட் - 1" என்று மொட்டையாகப் போட்ட பில்லும் உதவாது. ஒவ்வொரு பார்ட்டின் சீரியல் நம்பரும் பில்லில் ஏற வேண்டும், கடையை விட்டு இறங்கும் முன் டப்பாவோடு ஒத்துப் பாருங்கள். வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில்தான் டப்பாவைப் பிரித்து லேபிளைக் காட்டும் பொறுமை அவர்களுக்கும் இருக்கும்.